உரோமர் திருமுகத்திற் பாவவிடுதலை

ஒரு சமயத்தின் உட்கிடையை உள்ளவாறு அறியப் புகுவார், அச்சமயத்தார் பெரிதும் போற்றும் நூலை எடுத்து, அந்நூலுள்ளும் இடர்ப்பாடு மிக்க பகுதி யாதோ அதனையே முதற்கண் ஆராய்தல் முறையாம். எளிய பகுதிகளில் எல்லாச் சமயங்களும் பெரும்பாலும் ஒத்தே நிற்கும். கொலையும் களவும் தீயன என்பதில் மாறுபடுவார் யாவர்? அரிய பகுதியிலேயே ஒரு சமயத்தின் தனியியல்பும், அதன் ஆசிரியரது கருத்தின் ஆழமும், அவர் சொல்லின் நிறைவும் குறைவும் வெளிப்படும். கிறித்தவ சமய நூல்களுள் அத்தகைய பகுதி, பவுலார் உரோமர்க்கு விடுத்த திருமுகத்தின் ஆறு, ஏழு, எட்டாம் அதிகாரங்களாம். கிறித்துவொடு ஒன்றுபட்டோன் பாவத்தின் ஆட்சியினின்றும் நீங்கினான் என்பது ஆண்டுக் கூறப்படும் பொருள். அது நிறுவப்படும் முறை யாது, அதன்கண் எழும் தடைகள் யாவை, அத்தடைகட்குப் பிற்காலத்தார் கூறிய விடைகள் பொருந்துமா என்பன ஈண்டு ஆராயப்படும்.

நூலும் காலமும்

இத்திருமுகம் கி. பி. 57-ஐ அடுத்துக் கொரிந்து நகரினின்றும் எழுதப்பட்டதென்பது ஆராய்ச்சியாளர் பெரும்பாலார்க்கு உடன்பாடாம். மொழி கிரேக்கம். பவுலார் சொல்ல, தெர்தியு என்பார் வரைந்தார். கெங்கிரேயா என்னும் துறைமுகத்துச் சபையிற் பணிபூண்ட பெபேயாள் என்னும் அம்மையார் அதனை உரோமைக்குக் கொண்டுசென்றனர் என்ப. அந்நாள்வரை பவுலார் அந்நகரைக் கண்டிலர். ஆண்டிருந்த சபையும் அவரால் நிறுவப்பட்டதன்று. ஆதலின், தம்மை நேரில் அறியாதார்க்குத் தம் கொள்கையை அடிமுதல் விளக்கவேண்டிய கடப்பாடு அவர்க்கு நேர்ந்தது. அவருடைய பிற திருமுகங்களினும் இஃது ஒழுங்குபட்ட வாதமாய் அமைந்தமைக்கு அதுவே காரணம் எனலாம். பதினாறு அதிகாரமாக இன்று காணப்படும் பகுப்பு ஆசிரியர் செய்ததன்று. பல நூற்றாண்டு கழிந்து பிறர் செய்தது. ஆகவே ஆறு முதல் எட்டு வரையுள்ள பகுதியைத் துண்டுதுண்டாக அறுத்தெடுத்துப் பொருள் காண்டல் பிழையாம். அப்பிழையே பின்னர் நிகழ்ந்த உரைப்பூசல் பலவற்றிற்கும் வித்தாயிற்று.

தடையும் விடையும்

ஐந்தாம் அதிகாரத்து இறுதியில், பாவம் மிகுந்தவிடத்து அருள் அதனினும் மிகுந்தது என்னும் கருத்து வைக்கப்படுகின்றது. உடனே ஒரு தடை எழும். பாவம் மிகுதலால் அருள் மிகுமாயின், அருள் மிகும்பொருட்டு மேலும் பாவஞ் செய்தல் நன்றன்றோ என்பது அது. இது வாதத்தின் அழகுக்காகப் படைத்துக்கொண்ட வெற்றுத் தடையன்று. பவுலார் இங்ஙனம் போதிக்கின்றார் எனப் பழி சுமத்தினாரும் அந்நாளில் இருந்தனர் என்பது மூன்றாம் அதிகாரத்தாற் பெறப்படும். ஆகவே இத்தடைக்குக் கூறும் விடை வழுவுமாயின் அவர் கொள்கை முழுதும் வழுவும்.

இத்தடையை மூவகையான் நீக்கலாம். பாவஞ் செய்தால் ஒறுப்பு வருமென அச்சுறுத்தல் ஒன்று. பாவத்தினும் அறமே ஊதியமுடைத்தெனக் கணக்குக் காட்டல் ஒன்று. அருள்செய்தார்க்கு நன்றி மறவாமை வேண்டுமென அறிவுறுத்தல் ஒன்று. பவுலார் இம்மூன்றனுள் எதனையும் முற்பட எடுத்திலர். கிறித்துவைச் சார்ந்தோர் பாவத்தைப் பொறுத்தமட்டில் முன்னரே இறந்தவராதலின், அதன்கண் வாழ்தல் என்னும் பேச்சே எழாது என்பது அவர் விடை. அஃதாவது, செய்யற்க என்று விலக்குதற்கு முன், செய்தற்குரிய பழைய ஆள் இலன் என்று கூறுகின்றார்.

அவ்விறப்பு எப்பொழுது நிகழ்ந்தது எனின், ஞானமுழுக்கின்கண் என்க. நீரில் அமிழ்தல் அடக்கஞ் செய்யப்படுதலையும், எழுதல் புதுவாழ்வு பெறுதலையும் காட்டும். ஆயின் பவுலார் இதனை வெறும் அடையாளமாக நிறுத்தினாரல்லர். சிலுவையில் ஒருவர்க்கு நிகழ்ந்தது அவரொடு ஒன்றுபட்டார் யாவர்க்கும் நிகழ்ந்ததாம் என்பதே அவர் கருத்து. அதனை உணர்த்துதற்குக் கிரேக்கத்தில் 'உடன்' எனப் பொருள்படும் முன்னொட்டினை வினைதோறும் ஏற்றுகின்றார்; உடன் அறையப்படுதல், உடன் அடக்கமாதல், உடன் வாழ்தல் எனச் சொற்கள் அடுக்கி வருகின்றன. வளர்ச்சியாற் பிரிவின்றி ஒன்றானதனைக் குறிக்கும் சொல்லொன்றும் இடையே வருகின்றது. எனவே, ஒன்றுதல் என்பது ஒருவரை அன்பினால் நினைந்துகொண்டிருத்தல் மாத்திரமன்று. அவரது நடையைப் பார்த்துத் தானும் நடத்தலும் அன்று. அவர்க்கு நேர்ந்த இறப்பும் வாழ்வும் தனக்கும் நேர்ந்தனவாக முடியும் உறவு என்பது பெறப்பட்டது.

பாவத்தின் ஆட்சி

இனி, பாவம் என்னும் சொல் இப்பகுதியில் எப்பொருளில் ஆளப்பட்டது என்பது நோக்கத்தக்கது. ஆறாம் அதிகாரத்தில் அச்சொல் ஒருமையாகவே வருகின்றது. தனித்தனிச் செய்கைகளாகிய குற்றங்கள் அங்கே எண்ணப்படவில்லை. பாவம் அரசன்போல் ஆள்கின்றது; ஆண்டைபோல் ஏவல் கொள்கின்றது; மக்களின் உறுப்புக்களைப் படைக்கலமாக எடுத்தாள்கின்றது; இறுதியிற் கூலியும் அளக்கின்றது. கூலியைக் குறிக்குஞ் சொல் கிரேக்கத்திற் போர்வீரர் பெறும் படிக்கு வழங்கியதொன்று. ஆகவே உருவகம் முழுதும் ஓர் ஆட்சியைப் பற்றியது.

இவ்வேறுபாடு சிறிதன்று. கடன் தீர்தல் வேறு. கடனால் அடிமைப்பட்ட நிலை தீர்தல் வேறு. ஒருவன் செய்த குற்றங்களை மன்னிக்கலாம்; அக்குற்றங்களைச் செய்வித்த ஆட்சியை மன்னித்தல் இயலாது, அதனை ஒழித்தலே வேண்டும். மன்னிப்பு மாத்திரம் பெற்று ஆட்சி ஒழியப் பெறாதான் நாளையும் அதே குற்றஞ் செய்து மீட்டும் மன்னிப்பிற்கு வந்து நிற்பான். மன்னிப்பே முடிந்த முடிபென நிற்பார்க்கு முன்கூறிய தடைக்கு விடையில்லை. பவுலார் ஒன்றுதலைக் கொணர்ந்தது அதுபற்றியே யென்க.

உரோமர் அவையில் இவ்வுருவகம் எளிதில் விளங்கியிருக்கும். அடிமைகளை வாங்குதலும் விற்றலும் விடுவித்தலும் அவர்கட்கு நாள்தோறும் கண்ட காட்சி. திருமுகத்து இறுதியில் வாழ்த்துப் பெறும் பெயர்களுட் சில அக்கால அடிமையரிடை மிகுதியாக வழங்கியனவே. கிரேக்க நாட்டு டெல்பி என்னும் பதியில் அடிமைவிடுதலை குறித்த கல்வெட்டுக்கள் நூற்றுக்கணக்கிற் கிடைத்துள்ளன. அவற்றின்படி, அடிமையின் விலை அப்பதித் தெய்வமாகிய அப்போலோவின் பெயரால் ஆண்டைக்குக் கொடுக்கப்படும். அடிமை தெய்வத்திற்கு விற்கப்பட்டவனாய் மக்கள்முன் உரியவனாவான். ஜெர்மானிய அறிஞர் டைஸ்மன் என்பார் 1908-இல் வெளியிட்ட நூலில் இக்கல்வெட்டுக்களைப் பவுலார் சொற்களுக்கு விளக்கமாக எடுத்துக் காட்டினர். ஆயினும் ஓர் வேறுபாடு உண்டு. அக்கல்வெட்டுக்கள் பலவற்றில், விடுதலை பெற்றவன் பழைய ஆண்டை இறக்குந்துணையும் அவனிடத்தே இருந்து ஏவல் செய்தல் வேண்டும் என்னும் கட்டுப்பாடும் காணப்படுகின்றது. பவுலார் கூறும் விடுதலையில் அத்தகைய எச்சக்கட்டு இல்லை. ஏனெனின், ஈண்டு விலையால் அன்று, அடிமையின் இறப்பாலேயே கட்டு அறுகின்றது. இறந்தானை ஏவும் ஆண்டை இலன்.

அற்றேல், பாவத்திற்கு அடிமையாயிருந்தார் இனி நீதிக்கு அடிமை என்று அவரே கூறுதலின், ஓர் ஆண்டையை விட்டு மற்றோர் ஆண்டையைப் பற்றுதல் விடுதலையாகுமா எனின், அத்தடை பவுலார்க்கும் தோன்றியதே. கேட்பாரின் வலியின்மை நோக்கி உலகவழக்காற் பேசுவதாக அவர் அவ்விடத்தே கூறிக்கொள்கின்றார். அன்றியும், அதிகாரத்தின் இறுதியில் உருவகத்தைத் தாமே முறித்துவிடுகின்றார். பாவத்தின் பக்கம் சாவைக் கூலி என்றவர், கடவுளின் பக்கம் வாழ்வைக் கூலி என்னாது கொடை என்கின்றார். கூலியும் கொடையும் இணையல்ல. ஒத்த அடுக்காய் வந்த தொடர் அவ்விடத்து ஒவ்வாது நிற்பது சொல்வன்மைக் குறைவன்று. பின்னைய ஆண்டையின் இயல்பு முன்னைய ஆண்டையின் இயல்பன்று என்பதனை உணர்த்தவே அங்ஙனம் நின்றது.

உவமை வழு

ஏழாம் அதிகாரத் தொடக்கத்து உவமை அவ்வாறு காத்தற்குரியதன்று. கணவன் உயிரோடிருக்குந்துணையும் மனைவி அவனுக்குச் சட்டத்தாற் கட்டுப்பட்டவள். அவன் இறப்பின் வேறொருவனை மணத்தற்கு உரியள் என்பது உவமை. பொருளிலோ, கட்டுண்டிருந்த அடியவனே இறக்கின்றான். இறந்தவனே வேறொருவர்க்கு உரியனாகின்றான். உவமையில் இறந்தவன் கணவன். பொருளில் இறந்தவள் மனைவி. இறந்தாள் மறுமணம் புரிதல் யாண்டும் இல்லை. இவ்வழுவினை உரையாளர் பலரும் கண்டு பலவாறு மறைக்க முயன்றனர்.

உவமை ஒருபுடை ஒப்புமையே வேண்டும், முற்றொப்புமை வேண்டா என்பது இலக்கண நூலார் துணிபு. ஈண்டுப் பொதுத்தன்மை, இறப்பினால் சட்டக்கட்டு நீங்கும் என்பது ஒன்றே. அம்மட்டில் உவமை நிற்கும். எனினும் வழு வழுவே. ஆனால் அவ்வழுவிலிருந்தே ஆசிரியரின் உள்ளக்கிடை புலப்படுகின்றது. உவமையை நேர்செய்ய அவர் கருதியிருப்பின், அடியவன் வாளா நிற்ப, அவனைக் கட்டியது இறந்தது என்று கூறியிருக்கலாம். அங்ஙனங் கூற அவர் மனம் ஒருப்படவில்லை. விடுதலை புறத்தே நிகழ்ந்து முடிந்த ஒரு செய்தியாகாது, விடுபடுவோன்றானே இறந்து எழுந்தாலன்றி அஃது அவனதாகாது என்னும் கொள்கை உவமையின் ஒழுங்கினும் அவர்க்குப் பெரிதாயிற்று.

இறந்தார்க்கு ஏவல் எற்றுக்கு?

இனி, இப்பகுதி முழுவதினும் பெரிய தடை ஒன்று உளது. பாவத்திற்கு இறந்தவர் என்று துணிந்து கூறியவர், அடுத்தே, பாவம் உங்களை ஆள விடாதீர், உங்கள் உறுப்புக்களை அதற்கு ஒப்படையாதீர் என ஏவுகின்றார். இறந்தது உண்மையாயின் ஏவல் வேண்டா. ஏவல் வேண்டுமாயின் இறந்தது உண்மையன்று. இம்முரணைப் புல்ட்மன் என்னும் ஜெர்மானிய அறிஞர் 1924-இல் எழுதிய கட்டுரையொன்றில் ஆராய்ந்த பின்னர், இதுபற்றிய ஆராய்ச்சி இன்றுவரை ஓய்ந்திலது.

இதற்குச் சிலர் கூறும் விடை, இறந்தமை கடவுளின் தீர்ப்பில் மாத்திரமே உண்மை, அடியவனிடத்து உண்மையன்று என்பது. இது பொருந்தாது, என்னை? அதனால் ஆட்சி ஒழிந்ததாகாது, கணக்கே மாறியதாகும். சீர்திருத்தச் சமயத்தலைவர் கால்வினும் இதனை உடன்பட்டிலர். கிறித்து நமக்குப் புறத்தே நிற்குந்துணையும் அவர் செய்ததனால் நமக்குப் பயனில்லை என்றும், நீதிமானாக ஏற்கப்படுதலும் ஒழுக்கத்திற் புதுப்பிக்கப்படுதலும் அவரொடு ஒன்றுதல் என்னும் ஒரே வேரிற் கிளைப்பன, ஒன்றைவிட்டு ஒன்று நில்லாது என்றும் அவர் தம் பெருநூலின் 1559-ஆம் ஆண்டு இறுதிப் பதிப்பில் விரித்துரைத்தார். ஆல்பர்ட் ஷ்வைட்சர் 1930-இலும், சாண்டர்ஸ் 1977-இலும் வெளியிட்ட நூல்களில், பவுலாரின் கொள்கைக்கு நடுநாடி கிறித்துவின்கண் ஒன்றியிருத்தலே என வற்புறுத்தினர்.

பிறர் கூறும் விடை, இறப்பு சிறிது சிறிதாக நிகழ்வது என்பது. அதுவும் ஆறாம் அதிகாரத்துச் சொல்லொடு மாறுபடும். ஆண்டு வினை இறந்தகாலத்தாற் கூறப்பட்டது.

உண்மையான விடையை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். பல்லாண்டு ஓர் ஆண்டைக்கு உழைத்து விடுதலை பெற்ற அடிமை ஒருவன் தெருவிற் செல்கின்றான். பின்னாற் பழைய ஆண்டையின் குரல் கேட்கின்றது. அவன் கால்கள் தாமே திரும்புகின்றன. கைகள் தாமே கூப்புகின்றன. ஆண்டைக்கு உரிமை ஒருசிறிதும் இல்லை. எனினும் உறுப்புக்கள் பழகிய வழியிற் செல்கின்றன. அவனை நோக்கி, நீ விடுதலை பெற்றவன், திரும்பாதே என்று அருகிருந்தான் ஒருவன் கூறின், அக்கூற்று வீணாகுமா? விடுதலை பெறாதவனிடத்து அங்ஙனங் கூறுதலே வீணாகும். ஆகவே ஏவல் விடுதலையைப் பொய்யாக்கவில்லை. விடுதலையே ஏவலுக்கு இடந்தருகின்றது. இவ்வாறு ஆகுக, அதனால் விடுபடுவீர் என்பது பவுலார் முறையன்று. விடுபட்டீர், அதற்குத் தக நில்லுமின் என்பது அவர் முறை. தம்மை இறந்தவராகக் கணக்கிட்டுக்கொள்க என்னும் அவர் சொல்லும், இல்லாததை உளதாகப் பாவித்தலன்று, உள்ளதை உள்ளவாறு கொள்ளுதலேயாம்.

'நான்' என்பார் யாவர்?

ஏழாம் அதிகாரத்துப் பிற்பகுதியில் 'நான்' என்று ஒரு குரல் எழுகின்றது. விரும்பும் நன்மையைச் செய்ய இயலாமலும், வெறுக்கும் தீமையையே செய்துகொண்டும் அல்லலுறும் ஒருவனது குரல் அது. பாவத்தின்கீழ் விற்கப்பட்டவன் என அவன் தன்னைக் கூறிக்கொள்கின்றான். இவன் யாவன்?

மூன்றாம் நூற்றாண்டினராகிய ஒரிகென், பவுலார் பிறனொருவன் கூற்றாகப் பேசுகின்றார் என்றனர். அகஸ்தீன் தம் முற்கால உரையில், அருள் பெறாது சட்டத்தின்கீழ் நிற்பவன் கூற்றென்றனர்; பிற்காலத்தில் பெலேகியு என்பாரின் கொள்கையை எதிர்த்து எழுதுங்கால், அருள் பெற்ற பவுலாரின் கூற்றே யெனக் கருத்து மாறினர். மனிதன் தன் முயற்சியால் நன்னெறி நிற்றல் கூடும் என்று வற்புறுத்திய பெலேகியுவின் கொள்கை 418-இல் கார்த்தேச் சங்கத்தில் விலக்கப்பட்டது. லூத்தர் 1515 - 1516-இல் விட்டன்பர்க்கில் இத்திருமுகத்தைப் பாடஞ் சொன்னபொழுது அகஸ்தீனின் பிற்கால உரையைத் தழுவி, அடியவன் ஒருங்கே நீதிமானும் பாவியுமாவான் என்றனர். 1929-இல் கும்மல் என்பார், 'நான்' என்பது பவுலாரின் தன்வரலாறன்று, சட்டத்தின்கீழ் நிற்கும் மாந்தரை எடுத்துக்காட்டும் சொல்வழக்கே யென நிறுவினர். அது பின்வந்தார் பலரானும் ஏற்கப்பட்டது.

முன்பின் நோக்கி உரைகாண்பார்க்குக் கும்மல் கூற்றே வலியுடைத்தாகத் தோன்றும். ஏழாம் அதிகாரத்து ஐந்து, ஆறாம் வசனங்களில் முன்னிலை இது, இப்பொழுதைய நிலை இது என இருநிலை பிரித்துக் காட்டப்படுகின்றன. அவற்றுள் முன்னிலையின் விரிவே 'நான்' எனத் தொடங்கும் பகுதி. இப்பொழுதைய நிலையின் விரிவு எட்டாம் அதிகாரம். பாவத்தினின்று விடுவிக்கப்பட்டார் என்று ஆறாம் அதிகாரத்திற் கூறப்பட்டவரே அதற்கு விற்கப்பட்டவருமாவர் எனக் கொள்ளின் ஆசிரியர் தம் கூற்றைத் தாமே அழித்தவராவர். எனினும் நிகழ்கால வினைகள் வருதலும், விடுதலைக்காக நன்றி கூறிய பின்னரும் பிளவுபட்ட நிலை மீண்டும் கூறப்படுதலும் இவ்வுரைக்கு இடர்தருவன. அவை அகஸ்தீனுக்கும் லூத்தருக்கும் சான்றாவன. உடம்பின் மீட்பு இனிமேல் வருதற்குரியது என எட்டாம் அதிகாரமே கூறுதலின், விடுதலை தொடங்கியது, நிறைவுறவில்லை என்னும் அளவில் அவ்விருவர் உரையும் கொள்ளத்தக்கது. அதனினும் மிகுத்து, விற்கப்பட்ட நிலையே அடியவனது இயல்பான நிலை என்பார், விடுதலை என்பதனைச் சொல்லளவாக்கிப் பாவிக்கு ஆறுதல் தேடிக்கொடுத்தவராவர்.

மறுதலையாக, இவ்வாழ்விலேயே அன்பு நிறைவுறும் என்று கூறியவர் ஜான் வெஸ்லி. அவர் 1766-இல் அதுபற்றி ஒரு நூல் வெளியிட்டனர். நிறைவுற்றாரும் அறியாமையினின்றும் பிழையினின்றும் நீங்கினாரல்லர் என அவரே வரையறை செய்துள்ளார். அவ்வரையறையை மறந்து, தாம் நிறைவுற்றேமெனத் தருக்குவார்க்கு அந்நூல் இடமளிக்கவில்லை.

உரைகல்

உரையாளர் பூசல் ஏட்டளவில் நிற்பின் அதனால் உலகிற்கு வரும் நட்டம் பெரிதன்று. ஆனால் இக்கொள்கை மக்கள் வாழ்விற் புகுந்தபோது என்னாயிற்று என்பதனையும் ஆராய்தல் வேண்டும். அமெரிக்க நாட்டு வெர்ஜினியாவில் 1667-இல் ஒரு சட்டம் இயற்றப்பட்டது. அடிமை ஒருவன் ஞானமுழுக்குப் பெறுதலால் அவன் அடிமைத்தனம் நீங்காது என்பது அச்சட்டத்தின் கருத்து. எந்த முழுக்கினைப் பவுலார் ஆண்டையினின்றும் விடுபடும் இறப்பாகக் கூறினரோ, அந்த முழுக்கினால் எவ்விடுதலையும் இல்லையெனச் சட்டம் எழுதினார் கிறித்தவரே. உள்ளத்து விடுதலையே விடுதலை, உடம்பு எவர்க்கும் உரியதாகலாம் எனப் பிரித்தமையால் வந்த கேடு இது.

அடிமையாய்ப் பிறந்து தப்பி வந்து உலகறிந்த பேச்சாளராகிய பிரெடரிக் டக்ளஸ், 1845-இல் வெளியிட்ட தம் வரலாற்றில் ஒரு செய்தி கூறுகின்றார். மேரிலாந்தில் அவர் ஆண்டையாகிய தாமஸ் ஆல்ட் 1832 ஆகஸ்டில் மெதடிஸ்டுகளின் கூடாரக் கூட்டமொன்றிற்குச் சென்று மனமாற்றம் எய்தினர். இனி அடிமைகளை விடுவிப்பார், அன்றி இரக்கமேனும் காட்டுவார் என டக்ளஸ் எதிர்பார்த்தனர். இரண்டும் நிகழவில்லை. முன்னினும் கொடியராய், உடற்குறையுடைய இளம்பெண்ணொருத்தியைக் கட்டிவைத்துச் சவுக்காலடித்து, அதற்கு வேதவாக்கியம் ஒன்றையும் சான்று காட்டினர். காலை மாலை அவர் இல்லத்தில் வழிபாடு தவறவில்லை என்பதும் அந்நூலாற் பெறப்படுகின்றது.

இவ்வாண்டை கிறித்துவொடு ஒன்றினாரா? பவுலாரின் சொல்லைக் கொண்டே விடை கூறலாம். விடுதலையின் அளவுகோலாக அவர் வைத்தது கண்ணீரையன்று, கூட்டத்து எழுச்சியையன்று, உறுப்புக்களையே வைத்தார். கையும் காலும் நாவும் எவர்க்குப் படைக்கலமாயின என்பதே வினா. சவுக்கெடுத்த கை எவ்வாட்சியின் படைக்கலம் என்பதில் ஐயமில்லை. டக்ளஸும் அடிமையுடையார் சமயத்தைக் கடிந்தாரன்றிக் கிறித்துவின் சமயத்தைக் கடிந்திலர். இரண்டிற்கும் உள்ள தொலைவு மிகப்பெரிதென அந்நூலின் பிற்சேர்க்கையில் வற்புறுத்தினர்.

ஆயினும் குற்றம் முழுதும் படித்தார்மேலதே, நூலின்மேலதன்று என்று விடுத்தல் நடுநிலையாகாது. பாவத்தின் ஆட்சியை விளக்க அடிமை முறையை உருவகமாக்கிய பவுலார், அவ்வடிமை முறைதானே பாவத்தின் ஆட்சியாகாதோ என்று இத்திருமுகத்தில் யாண்டும் வினவினாரல்லர். உருவகத்திற்கு எடுத்த பொருளின் கொடுமை உருவகத்தினுள்ளேயே மறைந்துபோயிற்று. அம்மறைவிலே பின்வந்த ஆண்டைகள் ஒதுங்கிக்கொண்டனர். இது நூலின்கண் உள்ள உண்மையான குறை.

அக்குறையை நிரப்பினாரும் அச்சமயத்தாருள்ளேயே தோன்றினர் என்பதும் கூறற்பாலது. நிறைவுற்ற அன்பைப் போதித்த வெஸ்லியே 1774-இல் அடிமை வாணிகத்தைக் கண்டித்து நூலெழுதினர். 1784-இல் பால்டிமோரிற் கூடிய அமெரிக்க மெதடிஸ்டு மாநாடு, சபையார் தம் அடிமைகளை விடுவித்தல் வேண்டுமென விதித்தது. அவ்விதி அடுத்த ஆண்டே நிறுத்திவைக்கப்பட்டது. விடுபட்டோம் என்று பாடியவர்க்கு விடுவித்தல் அரிதாயிற்று. பழைய ஆண்டையின் குரல் கேட்டுத் திரும்பியவன் கதையே ஒரு சபை முழுவதற்கும் நேர்ந்தது.

தமிழ்ச்சொல் பற்றி ஒரு குறிப்பு

தமிழில் இத்திருமுகத்தைக் கற்பார் எச்சரிக்கையாயிருக்கவேண்டியதொன்று உண்டு. மொழிபெயர்ப்பில் வழங்கும் 'பாவம்' என்னும் சொல் தமிழ்மரபிற் புண்ணியத்திற்கு மறுதலையாகிய வினைப்பயனைக் குறிப்பது. அப்பொருள் கொண்டு ஆறாம் அதிகாரத்தைப் படிப்பார்க்கு, ஆள்கின்ற ஆற்றல் ஒன்று கூறப்படுகின்றதென்பது புலனாகாது. அதுபற்றி மலம் என்னும் சொல்லை ஈண்டுப் பெய்து படித்தலும் தவறாம். ஆணவமலம் செம்பிற் களிம்புபோல அநாதியே உயிரைப் பற்றியது என்பது சைவநூற்றுணிபு. பாவம் ஒருவன் வாயிலாக உலகினுட் புகுந்தது என்பது இத்திருமுகத்தின் ஐந்தாம் அதிகாரம். தொடக்கமுடையதும் தொடக்கமில்லதும் ஒன்றாகா. உயிர்க்கு வலிய ஒரு கட்டுளது, அதனைத் தன் முயற்சி மாத்திரத்தால் அறுத்தல் இயலாது, ஒன்றி நிற்றலாலேயே அறும் என்னும் அளவில் ஒப்புமை உண்டு. அவ்வளவினை ஒப்புக்கொண்டு, வேற்றுமையை வேற்றுமையாகவே வைத்தல் இருசமயத்திற்கும் நேர்மையாம்.

முடிபு

இதுகாறுங் கூறியவாற்றான், பவுலார் கூறும் பாவவிடுதலை மன்னிப்பின் அளவில் நில்லாது ஆட்சிமாற்றமாம் என்பதும், அம்மாற்றம் கிறித்துவொடு ஒன்றி இறந்தெழுதலால் நிகழ்வதென அவர் நிறுவினர் என்பதும், விடுதலைக்குப் பின் வரும் ஏவல் அதனொடு முரணாதென்பதும், மணவுவமை வழுவுடையதாயினும் கருத்து வழுவின்றென்பதும், அடிமை உருவகத்திற் காணப்படும் குறை குறையே யென்பதும் பெறப்பட்டன. அருள் மிகுமாறு பாவஞ் செய்யலாமா என்னும் பழைய தடைக்கு ஏட்டில் எழுதப்பட்ட விடை வலியதே. ஆயினும் அத்தடையை முற்றும் ஒழிப்பது ஏடன்று. விடுபட்டேம் என்பார்தம் கைகளே அதனை ஒழித்தற்குரியன.